மழை எல்லா இடத்திலும்தான் பெய்யுது... ஒரு ஓடை மட்டும் ஏன் ஊரையே விழுங்குது? மலையின் வடிவத்தில் இருக்கும் பதில்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஃபெஞ்சல் புயல் முந்தைய நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. கடந்த பிறகும் விடவில்லை. மயிலத்தில் 51 செ.மீ., ஊத்தங்கரையில் 50 செ.மீ. என ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. அந்த மாலையில் திருவண்ணாமலை தீப மலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில், மண்ணோடு சேர்ந்து ஒரு பெரிய பாறை உருண்டு வீடுகள் மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள்.

திட்டக்குடியில் இருந்து திருவண்ணாமலை நேர்க்கோட்டில் சுமார் 90 கி.மீ.தான். அதே புயல் மழைக்கு சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர் வரை ஊர்கள் மூழ்கின. நம்ம மாவட்டத்துக்கு அந்த மழை தண்ணீராக வந்தது. அங்கே ஒரு தெருவுக்கு மட்டும் பாறையாக வந்தது.

மலையடிவாரத்தில் எத்தனையோ தெருக்கள் இருக்கின்றன. ஏன் அந்த ஒரு இடம்? வயநாட்டில் எத்தனையோ ஓடைகள் ஓடுகின்றன. ஏன் முண்டக்கை ஓடை? "மழை அதிகம்" என்பது பாதி பதில்தான். மீதி பாதி, மலை எப்படி வளைந்திருக்கிறது, எங்கே குழிந்திருக்கிறது, எங்கே திடீரென்று சமமாகிறது என்பதில் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், நிலச்சரிவு என்றால் எல்லாம் ஒன்றுதானா?

இல்லீங்க. செய்தியில் நாம் எல்லாவற்றையும் "நிலச்சரிவு" என்றே சொல்லிவிடுகிறோம். சாலையோரம் ஒரு லோடு மண் சரிந்தாலும் நிலச்சரிவு, வயநாடும் நிலச்சரிவு. ஆனால் வயநாட்டில் நடந்தது வேறு வகை. சரிந்த மண், கல், மரம் எல்லாம் தண்ணீரோடு கலந்து, ஓடையில் இறங்கி, கிலோமீட்டர் கணக்கில் ஓடியது. ஆங்கிலத்தில் இதை 'டெப்ரி ஃப்ளோ' என்பார்கள். மலையாளத்தில் 'உருள்பொட்டல்'. தமிழில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு சொல் இன்னும் புழக்கத்தில் இல்லை. இந்தக் கட்டுரைக்கு 'கல்சேற்று வெள்ளம்' என்று வைத்துக்கொள்வோம்.

ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரியில் இருந்து கலவை இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் போலவும் இல்லை, கல் போலவும் இல்லை, ஆனால் ஓடும். கிட்டத்தட்ட அதுதான் இதுவும். வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்கில் தண்ணீர் நிரப்பினால் எடை ஒரு டன். அதே டேங்கில் இந்தக் கலவையை நிரப்பினால் ஏறக்குறைய இரண்டு டன் வரும். மணிக்கு 40, 50 கி.மீ. வேகத்தில் அது சுவரில் மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

"சேறு சரி, லாரி அளவு பாறை எப்படி மிதந்து வருது?" என்ற கேள்வி வரலாம். இதற்கு ஒரு சின்ன கணக்கு இருக்கிறது. 10 டன் பாறையைத் தண்ணீரில் போட்டால், தண்ணீர் தாங்குவது போக அதன் எடை சுமார் 6 டன்னாகக் குறையும். கல்சேற்றில் போட்டால் சுமார் இரண்டரை டன்தான். அதனால்தான் வெறும் வெள்ளத்தில் அசையாத பாறை, இதில் பந்து போல உருண்டு வருகிறது.

இன்னொன்று. மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் வேர்க்கடலை மேலே வரும், தூள் அடியில் தங்கும். ஓடும் கல்சேற்றிலும் அதே குலுக்கல் நடக்கிறது. பெரிய பாறைகள் மேலே வரும். மேல்பகுதி வேகமாக ஓடுவதால், அந்தப் பாறைகள் எல்லாம் முன்வரிசைக்கு வந்துவிடும். ஊருக்குள் முதலில் நுழைவது பாறை, பிறகு சேறு, கடைசியில் தண்ணீர். தண்ணீர் ஏறுவதைப் பார்த்து ஓடிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த அவகாசமே கிடைக்காது.

எத்தனை டிகிரி சரிவு ஆபத்து?

வீட்டு மாடிப்படி சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் மண் சரியத் தொடங்குவது பெரும்பாலும் 25-ல் இருந்து 45 டிகிரி வரை உள்ள இடங்களில், அதாவது மாடிப்படி அளவிலும் அதற்கு மேலும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் அங்கே மண் தங்கவே தங்காது, வெறும் பாறைதான் நிற்கும். ரொம்பச் சமமாக இருந்தால் சரியாது. ஏறக் கஷ்டமாக, ஆனால் மரம் வளரும் அளவுக்கு மண் இருக்கும் சரிவுதான் சிக்கல். பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும் இடம் அதுதான்.

இறங்கத் தொடங்கிய கலவை, ஓடை 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும் வரை நிற்காமல் ஓடும். வழியில் ஓடைப்படுகையில் கிடக்கும் கல், மண், விழுந்த மரம் எல்லாவற்றையும் வாரிச் சேர்த்துக்கொள்ளும். மேலே சரிந்தது ஒரு பங்கு என்றால், கீழே வந்து சேர்வது பல பங்கு. சாய்வு குறையக் குறைய வேகம் குறைந்து, சுமையை இறக்கிவைக்கும். ஆனால் உடனே நிற்காது. கலவை நீர்த்துப் போயிருந்தால் மூன்று, நான்கு டிகிரி சாய்விலும் ஓடும். நாம் பைக்கில் மேம்பாலம் ஏறும்போது இருக்கும் சாய்வு ஏறக்குறைய அவ்வளவுதான். சமதரை மாதிரியே தெரியும் இடம் அது. "இங்க எல்லாம் எங்க வரப்போகுது" என்று தோன்றும்.

ஆரம்பிக்கும் இடம்: மலையின் உள்ளங்கை

உங்கள் கையை விரல்களை விரித்து மேசை மேல் கவிழ்த்து வையுங்கள். விரல்கள்தான் மலையின் முகடுகள். விரல்களுக்கு நடுவே இருப்பது பள்ளம். மேலே தண்ணீர் ஊற்றினால் எங்கே போகும்? விரல்மேல் நிற்காது, இடுக்கில்தான் சேரும். மலையிலும் அப்படியே. முகட்டின் மேல் விழும் மழை இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும். குழிவான இடத்தில் மூன்று பக்கத்துத் தண்ணீரும் வந்து சேரும். ஒரே மழை, ஆனால் குழிவில் இருக்கும் மண்ணுக்குப் பல மடங்கு தண்ணீர்.

தண்ணீர் மட்டுமல்ல, மண்ணும் அங்கேதான் சேருகிறது. சுற்றியுள்ள சரிவில் இருந்து மண் வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, நூற்றுக்கணக்கான ஆண்டுகளில் அந்தக் குழியை நிரப்பிவிடும். வெளியில் இருந்து பார்த்தால் ஓடை கூடத் தெரியாது. நல்ல ஆழமான மண், நல்ல ஈரம், பயிருக்கு ஏற்ற இடம் என்றுதான் தோன்றும். அடியில் பாறை இருக்கும்.

பெருமழையில் என்ன நடக்கிறது என்றால், மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் அடிப்பாறையைத் தாண்டிப் போக வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. தேங்கிய தண்ணீர் மண் துகள்களை உள்ளிருந்து தூக்குகிறது. ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருந்த துகள்களின் பிடி தளர்கிறது. ஒரு கட்டத்தில் மொத்தமும் பாறை மேல் சோப்பு வழுக்குவது போல வழுக்கிவிடும். மழையின் மொத்த அளவைப் போலவே, கடைசி சில மணி நேரத்தில் எவ்வளவு பெய்தது என்பதும் இதில் முக்கியம். ஏற்கெனவே ஊறிப்போன மண்ணுக்குக் கடைசி ஒரு தள்ளு போதும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த மண் போர்வை கனமானது. வெப்பமும் மழையும் சேர்ந்து பாறையை நீண்ட காலமாக மக்கச் செய்து, பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண் ஆக்கியிருக்கின்றன. அடியில் கெட்டியான பாறை. மேலே பஞ்சு, கீழே தளம். திருவண்ணாமலை போன்ற உள்நாட்டுக் குன்றுகள் வேறு மாதிரி. அங்கே மண் குறைவு, உருண்டைப் பாறைகள் அதிகம். பாறைகளுக்கு இடையில் இருக்கும் மண்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. மழை அந்த மண்ணைக் கரைத்துவிட்டால் பாறை தனியாகக் கிளம்பிவிடும். அதனால்தான் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, 2024 கார்த்திகை தீபத்தன்று மலை மேல் ஏற பக்தர்களுக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை. மண் இன்னும் ஊறித்தான் இருந்தது.

வயநாடு: எட்டு கிலோமீட்டர் பாதை

இப்போது இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்ப்போம். 2024 ஜூலை 30, அதிகாலை. வயநாடு மாவட்டம், மேப்பாடி பகுதி. அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அங்கே 572 மி.மீ. மழை பெய்ததாகக் கேரள அரசு சொன்னது. கடலூர் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதியை நெருங்கும் அளவு அது. இரண்டே நாளில்.

சரிவு தொடங்கிய உச்சி, கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருந்தது. இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்ததில், சரிந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 21 ஏக்கர். ஒரு மலைக்கிராமத்து ஆளுக்கு அது பெரிய தோட்டம்கூட இல்லை. ஆனால் அந்த 21 ஏக்கர் மண் ஓடி முடித்த தூரம் சுமார் 8 கி.மீ.

எப்படி அவ்வளவு தூரம்? பாதையைப் பாருங்கள். மேலே செங்குத்தான சரிவு. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் மலை நெருக்கும் குறுகலான ஓடை. குறுகலான ஓடையில் கலவை பக்கவாட்டில் பரவ முடியாது. பரவ முடியாவிட்டால் உயரம் கூடும், உயரம் கூடினால் வேகம் கூடும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அந்த மாதிரி. வழியில் பாறைகளையும் மரங்களையும் பெயர்த்துக்கொண்டு, புஞ்சிரிமட்டம், முண்டக்கை, அடுத்து சூரல்மலை.

சூரல்மலை அருகே பள்ளத்தாக்கு விரிகிறது. விரிந்த இடத்தில்தான் கடைத்தெரு, பள்ளிக்கூடம், வீடுகள் எல்லாம் இருந்தன. ஓடை அங்கே வளைகிறது. வேகமாக வரும் கல்சேறு வளைவில் தண்ணீர் போலப் பணிந்து திரும்பாது. பைக் வேகமாக வந்தால் வளைவில் வெளிப்பக்கம் தள்ளுமே, அதே மாதிரி வெளிக்கரையில் ஏறிவிடும். பல இடங்களில் ஓடை தன் பழைய கரையைத் தாண்டிப் பல மடங்கு அகலமானது. அதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தபோது, மலையில் யாரோ செம்மண் சாலை போட்டது போல இருந்தது.

முண்டக்கையையும் சூரல்மலையையும் இணைத்த பாலம் போய்விட்டதால், மேலே மாட்டிக்கொண்டவர்களை மீட்க ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் 190 அடி நீள பெய்லி பாலத்தைக் கட்டியது. ஓடையின் கீழ்ப்பக்கம் சூச்சிப்பாறை அருவி வழியாகச் சாலியாறு வரை உடல்கள் அடித்துச் செல்லப்பட்டன. மலப்புரம் மாவட்டத்து நிலம்பூர் பக்கத்தில், ஆற்றங்கரை ஆட்கள் அவற்றைக் கரை சேர்த்தார்கள். காணாமல் போனவர்களையும் சேர்த்தால் இறந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர்.

இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. இஸ்ரோ மையத்தின் பழைய படங்களில், 2024-ல் சரிந்த அதே இடத்தில் முன்பே ஒரு சரிவின் தழும்பு இருந்தது. 1984 ஜூலையில் முண்டக்கையில் நிலச்சரிவு வந்து 14 பேர் இறந்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புத்துமலையில் 17 பேர். ஒருமுறை சரிந்த குழிவின் மேல்விளிம்பு செங்குத்தாகவும் தளர்வாகவும் நிற்கும். அடுத்த பெருமழைக்கு அந்த விளிம்பு பின்வாங்கி இன்னும் கொஞ்சம் சரியும். "ஏற்கெனவே சரிஞ்சு போச்சு, இனி ஒண்ணும் இல்லை" என்ற நம்பிக்கை பல ஊர்களில் கேட்கக்கூடியதுதான். மண் அப்படி நடந்துகொள்வதில்லை.

எச்சரிக்கையே இல்லையா என்றால், இருந்தது. கல்பற்றாவில் இருக்கும் ஹ்யூம் சூழலியல் மையம், வயநாடு முழுக்க வைத்திருக்கும் சின்னச் சின்ன மழைமானிகளின் கணக்கைப் பார்த்து, முந்தைய நாளே அந்தப் பகுதிக்கு ஆபத்து என்று சொல்லியிருந்தது. இந்திய புவியியல் ஆய்வு மையம் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையத்தைத் தொடங்கியது 2024 ஜூலை 19-ல். வயநாட்டுக்குப் பதினொரு நாள் முன்பு.

சேறு எங்கே நிற்குமோ, அங்கேதான் வீடு

மலை ஓடை ஒன்று சமவெளியைத் தொடும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? விசிறி விரித்தது போல ஒரு மேடு இருக்கும். லேசான சாய்வு, நல்ல மண், பக்கத்திலேயே தண்ணீர். மலையில் வீடு கட்ட, சாலை போட, கடை வைக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. அதனால் இமயமலையில் இருந்து மூணாறு வரை எல்லா மலைகளிலும் மக்கள் அங்கேதான் குடியேறுகிறார்கள். யாரும் முட்டாள்தனமாகப் போய் உட்காரவில்லை. சமமான இடம் அது ஒன்றுதான்.

பிரச்சினை, அந்த விசிறி எப்படி உருவானது என்பதில். ஓடை முன்பு பலமுறை கொண்டுவந்து கொட்டிய கல்லும் சேறும் சேர்ந்து உண்டானதுதான் அந்த மேடு. நம்ம வீட்டு அஸ்திவாரம் நிற்பதே பழைய கல்சேற்று வெள்ளத்தின் மேல்தான்.

உத்தரகாண்டின் தராலி இதற்கு நேரடி உதாரணம். 2025 ஆகஸ்ட் 5-ம் தேதி மதியம், கீர் கங்கா ஓடையில் வந்த கல்சேறு சில விநாடிகளில் ஓட்டல்களையும் வீடுகளையும் மூடியதை நாம் எல்லோருமே மொபைலில் பார்த்தோம். அது கொட்டிய சேறு சுமார் 20 ஹெக்டேர் பரப்புக்கு விசிறி வடிவிலேயே படிந்ததை இஸ்ரோ படங்கள் காட்டின. அந்த ஊரே ஒரு பழைய விசிறி மேல் இருந்தது. புது விசிறி பழைய விசிறியின் மேல் படிந்தது, அவ்வளவுதான்.

தமிழர்களுக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கமானது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே ராஜமலை பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் மலை இறங்கியது. 70 பேர். பெரும்பாலானவர்கள் தமிழர்கள், கயத்தாறு பக்கத்தில் வேர் உள்ள குடும்பங்கள். இலங்கையில் 2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலையகத் தமிழர்களின் லயன்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும், மலையக மாவட்டங்களில் மண்சரிவுதான் பெரிய எமனாக இருந்தது.

லயங்கள் ஏன் திரும்பத் திரும்ப மாட்டுகின்றன? தேயிலை நட நல்ல வடிகால் உள்ள சரிவு வேண்டும். சரிவெல்லாம் செடிக்குப் போய்விட்டால், ஆட்களுக்கு மிஞ்சுவது பள்ளத்தாக்கின் அடி, ஓடையின் ஓரம். அங்கே தண்ணீர் வசதியும் உண்டு. நூறு வருடம் முன்பு யாரோ வரைந்த தோட்டத்து வரைபடத்தில், தொழிலாளி எங்கே தூங்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. இது மண்ணைப் பற்றிய விஷயம் மட்டும் கிடையாது என்பது என் கருத்து. லயத்தில் இருப்பவருக்கு வீட்டை மாற்றிக்கொள்ளும் உரிமையும் இல்லை, இடமும் இல்லை.

பனி பிரதேசத்து மலைகளில் எப்படி?

நம்ம ஊரில் பஞ்சு மண். வட துருவத்தை ஒட்டிய ஐஸ்லாந்து, நார்வே போன்ற இடங்களில் மலைக்கு வேறு உருவம். பழைய காலத்து பனிப்பாறைகள் பள்ளத்தாக்கை ஆங்கில 'யு' எழுத்து மாதிரி குடைந்துவிட்டுப் போயிருக்கின்றன. இரண்டு பக்கமும் சுவர் போன்ற மலை, அடியில் தட்டையான கரை, அதைத் தொட்டுக் கடல். பனி உறைந்து உருகி உறைந்து பாறையை உடைத்துக்கொண்டே இருப்பதால், சுவரின் காலடியில் எப்போதும் உடைகல் குவிந்திருக்கும். சரக்கு ரெடி. தண்ணீர் வந்தால் போதும். அந்தத் தண்ணீர் வசந்தத்தில் உருகும் பனியாக வரலாம், மழையாகவும் வரலாம்.

ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் செய்திஸ்ஃபியோர்துர் என்று ஒரு சின்ன ஊர். மலைச்சுவருக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும். 2020 டிசம்பரில், பனி பெய்ய வேண்டிய மாதத்தில், ஐந்து நாளில் 500 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பல இடங்களில் சரிவு தொடங்கியது. டிசம்பர் 18 அன்று பெரிய சரிவு ஒன்று பத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை அடித்து நொறுக்கியது. ஊர் முழுவதும் காலி செய்யப்பட்டது. ஒருவர்கூட இறக்கவில்லை.

மழை அளவு வயநாட்டோடு ஒப்பிடக்கூடியதுதான், நாட்கள்தான் அதிகம். அங்கே சரிவில் இருந்து கடல் சில நூறு மீட்டர் தூரத்திலேயே இருப்பதால் பாதை குட்டை. எட்டு கிலோமீட்டர் ஓடிப் பெருக்க இடமில்லை. முதல் சிறிய சரிவுகளைப் பார்த்ததுமே ஆபத்தான வீடுகளைக் காலி செய்யத் தொடங்கியதும் கைகொடுத்தது.

குளிர் மலையில் இன்னொரு ரகமும் உண்டு. 2021 பிப்ரவரி 7-ல் உத்தரகாண்டின் சமோலியில், ரோந்தி சிகரத்தில் இருந்து பாறையும் பனிக்கட்டியும் ஒரே துண்டாகப் பெயர்ந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தது. அன்று மழையே இல்லை. விழுந்த உராய்வில் பனிக்கட்டி உருகி, அதுவே தண்ணீராகி, கல்சேற்று வெள்ளமாகக் கீழே இருந்த நீர்மின் திட்டங்களைத் துடைத்துக்கொண்டு போனது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

அப்போ, திட்டக்குடிக்கு இது வருமா?

வராது. இதை உறுதியாகச் சொல்ல ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஓடைக்குத் தண்ணீர் வரும் மலையின் உயரத்தை கிலோமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நீர்ப்பிடிப்புப் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுத்துவிடுங்கள். விடை சுமார் 0.6-க்கு மேல் இருந்தால் அந்த ஓடை கல்சேற்று வெள்ளம் தரக்கூடியது. 0.3-க்குக் கீழே என்றால் சாதாரண வெள்ளம்தான். நடுவில் இருந்தால் இரண்டும் கலந்து வரலாம். விஞ்ஞானிகள் இதற்கு மெல்ட்டன் விகிதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சதுர கி.மீ. பரப்பில் ஒரு கி.மீ. உயர மலை இருந்தால் விடை 1. ஆபத்து. இப்போது வெள்ளாற்றுக்கு வருவோம். கல்வராயன் மலைப் பக்கத்து வசிஷ்ட நதியும், கொல்லிமலைப் பக்கத்து சுவேத நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு. அந்த மலைகளின் உயரம் சுமார் 1.3 கி.மீ. நீர்ப்பிடிப்பு ஆயிரக்கணக்கான சதுர கி.மீ. சும்மா 2,500 என்று குறைத்தே வைத்தாலும் வர்க்கமூலம் 50. விடை 0.026. எங்கேயோ கீழே இருக்கிறது. திட்டக்குடியில் இருந்து பரங்கிப்பேட்டை கடல் வரை ஆறு ஏறக்குறைய கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில்தான் இறங்குகிறது. பாறையை உருட்ட அந்தச் சாய்வு போதாது. நமக்கு வருவது தண்ணீரும், அதோடு வரும் மணலும் வண்டலும். மேலே மலையில் உடைந்த பாறை, வழியெல்லாம் அரைபட்டு, ஆற்று மணலாக இங்கே வந்து சேர்கிறது. வெள்ளாற்று மணலும் ஒரு காலத்தில் மலைதான்.

இதே கணக்கைக் கல்வராயன் மலைக்குள்ளேயே ஒரு சின்ன ஓடைக்குப் போட்டால் விடை வேறாக இருக்கும். திருவண்ணாமலை அடிவாரத்துக்கும் அப்படியே. மொத்த ஆற்றுக்குச் சரியான கணக்கு, அதன் தலைமாட்டு ஓடைக்குப் பொருந்தாது.

மனிதக் கை எவ்வளவு?

மலையின் வடிவம் மட்டுமே காரணம் என்று சொல்லித் தப்பித்துவிடவும் முடியாது. சாலைக்காகச் சரிவின் காலை வெட்டினால், மேலே இருக்கும் மண்ணுக்குத் தாங்கல் போகிறது. சாலையோரக் கால்வாய் அடைத்துக்கொண்டால், பல சரிவுகளின் தண்ணீர் ஒரே குழிவில் போய் விழும். ஆழமாக வேர்விட்ட காட்டுமரத்தை எடுத்துவிட்டு மேலோட்ட வேர் உள்ள பயிர் வைத்தால் மண்ணின் பிடி குறையும். நீலகிரியில் 2009 நவம்பரில் ஐந்து நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சரிந்து 40-க்கும் அதிகமானோர் இறந்தார்களே, அப்போது சாலை, ரயில் பாதைக்காக வெட்டிய சரிவுகளில்தான் ஏராளமானவை சரிந்தன. ஆனால் வயநாட்டுச் சரிவின் உச்சி காட்டுக்குள் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காடு இருந்தால் சரியவே சரியாது என்று சொல்ல முடியாது. காடு அடிக்கடி சரிவதைக் குறைக்கும், அவ்வளவே.

மலைக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

லீவு கிடைத்தால் ஏற்காடு, கொல்லிமலை, ஊட்டி, மூணாறு என்று கிளம்புகிறோம். ரூம் போடும்போது ஓடைச் சத்தம் கேட்கும் காட்டேஜ்தான் வேண்டும் என்கிறோம். மழைக்காலத்தில் அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கட்டடம் முகட்டில் இருக்கிறதா, இரண்டு சரிவுக்கு நடுவே குழிவில் இருக்கிறதா, ஓடை வெளியே வரும் வாயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் உயரப் பாறைகள் சமதரையில் சம்பந்தமே இல்லாமல் கிடந்தால், அவை அங்கே நடந்து வரவில்லை.

கனமழை பெய்துகொண்டிருக்கும்போது ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள். மேலே எங்கோ மண் சரிந்து அடைத்திருக்கலாம். அது உடைந்தால் மொத்தமாக வரும். தண்ணீர் சட்டென்று செம்மண் கலங்கலாக மாறுவது, மரம் முறியும் சத்தம், தூரத்தில் ரயில் வருவது போன்ற உறுமல், பச்சை மண் வாசனை, சுவரிலோ தரையிலோ புது விரிசல், நேராக நின்ற மின்கம்பம் சாய்வது, இவையெல்லாமே கிளம்பு என்பதற்கான அடையாளங்கள்.

எந்தப் பக்கம் ஓடுவது? ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடினால் அதனோடு பந்தயம் ஓடுகிறீர்கள், ஜெயிக்க முடியாது. ஓடைக்குக் குறுக்காக, பக்கவாட்டில், கிட்டத்தில் இருக்கும் முகட்டை நோக்கி ஏறுங்கள். பாலத்தைக் கடந்து தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மரமும் பாறையும் முதலில் அடைத்துக்கொள்ளும் இடம் பாலம்தான். ஒரு அலை வந்து ஓய்ந்ததும் சாமான் எடுக்கவோ, பார்க்கவோ திரும்பிப் போகவும் கூடாது. வயநாட்டில் அன்று இரவு நள்ளிரவுக்குப் பிறகு ஒருமுறையும், விடிவதற்குள் மறுபடியும் வந்தது.

இந்திய புவியியல் ஆய்வு மையம் நீலகிரி உள்ளிட்ட சில மாவட்டங்களுக்கு மழைக்காலத்தில் நிலச்சரிவு முன்கணிப்பு அறிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதையும், வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் எங்கே இருந்தாலும் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள். மலையில் நெட் போய்விடும், சாதாரண கால் பல நேரம் போகும்.